தப்புன்னு யார் சொல்லலாம்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவின் வலது கன்னத்தை வழித்து முடித்து ஸிக்னி ரேசரைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இளம் டாக்டர் உள்ளே வந்தாள்.

"மூச்சு விடறதுக்குத் தொண்டையில குழாய் போட்டாகணும். இல்லேன்னா இன்னிக்குப் பொழுது தாண்டாது."

பாதி முகம் நுரையோடு படுத்திருந்த ஆல்மர் ஸ்டென்ருட், "வேண்டாம்" என்றார்.

டாக்டர் ஸிக்னியிடம் திரும்பினாள். "வேண்டாம்னு சொல்ற தெளிவு அவருக்கு இருக்கான்னு நான் பாக்கணும். இல்லேன்னா முடிவு உங்களோடது. நீங்கதானே மக."

ஸிக்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரிடம் யார் தெளிவு பார்ப்பது! அமெரிக்காவின் டகோட்டா வயல்களுக்கு அடியில் அணு ஏவுகணைகளோடு உட்கார்ந்திருந்த பையன்களின் மனசைச் சோதித்தே தலை நரைத்த விமானப்படை டாக்டர் அவர். பெண்டாட்டியோடு சண்டை போட்டுத் தூங்காமல் வந்தவனிடம்கூட ஏவுகணைச் சாவியைப் பிடுங்கிவிடுவார். ஏவச் சொல்லிக் கட்டளை போடுகிற அந்த ஒருத்தரை, ஜனாதிபதியை, யார் சோதிப்பது என்று ஒருமுறை மேலிடத்தில் கேட்டார். அது உன் வேலையில்லை என்றார்கள். அந்தக் கோபத்துக்கு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலியே உண்டு.

"இது என்ன மாசம், சார்?"

"அக்டோபர்."

ஜன்னலுக்கு வெளியே ஜனவரிப் பனி கார்களை மூடிக்கொண்டிருந்தது.

"நம்ம ஜனாதிபதி யாரு?"

"பேரு தெரியும். அவரு மூளைய யாரு பாத்தாங்க? அதச் சொல்லும்மா, நான் பேரச் சொல்றேன்."

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "எப்பவும் இப்பிடித்தான் குழப்பமாப் பேசுவாரா?"

ஆமாம் என்றால் போதும். குழாய் உள்ளே போகும், அப்பா இருப்பார். ஸிக்னிக்கு அப்பா வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அவளைத் திட்ட வேறு நாதி கிடையாது.

வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். யாரைச் சோதித்தாலும் அப்பா கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். அம்மா, பெண்டாட்டி, சமையல்காரன் என்று எவரையாவது சொன்னவனுக்குச் சாவி திரும்பக் கிடைக்கும். யாருமில்லை என்றவனுக்குக் கிடைக்காது.

அவள் குனிந்து அதே கேள்வியைக் கேட்டாள். "அப்பா, நீ செய்யறது தப்புன்னு உங்கிட்ட யாருப்பா சொல்லலாம்?"

அவர் சிரித்தார். காய்ந்த நுரை கன்னத்தில் வெடித்தது.

"நீதான். பொறந்ததுலேர்ந்து வேற என்ன வேல உனக்கு?" மூச்சு வாங்கியது. "சொல்லு கழுத. தப்புன்னா சொல்லிடு. போட்டுக்கறேன்."

தப்பு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. போன குளிர்காலத்தில் இதே குழாயைப் பிடுங்காமலிருக்க அவர் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அந்தக் கண்களை அவள் வாரக்கணக்கில் பார்த்திருக்கிறாள்.

"தப்பில்லப்பா."

பிறகு டாக்டரிடம் சொன்னாள். "மாசம்தான் தப்பு. மனுஷன் சரியாத்தான் இருக்காரு."

அதன்பின் அவள் ரேசரைத் தொடவில்லை. அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். பிற்பகலில் அந்தப் பிடி தளர்ந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, தயங்கி, ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்.

"கொஞ்சம் வெந்நீர்" என்றாள் ஸிக்னி. "இடது கன்னம் பாக்கி இருக்கு."