யாருக்குத் தெரிவிக்கும்?

எங்கள் கரகோல் நகர நூலகத்தில் ஒன்பது பழைய கணினிகள் இருந்தன. புதிய மென்பொருள் எதையும் சுமக்க அவற்றுக்குத் தெம்பில்லை. திங்கட்கிழமை குப்பைக்குப் போக வேண்டியவை. நானும் தஸ்தானும் மூன்று வருடம் முட்டி மோதி லினக்ஸ் இயங்குதளத்தைக் கிர்கிஸ் மொழியில் பேச வைத்திருந்தோம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்குத் தெரிந்து ஒரு ஈ காக்கைகூட எடுக்கவில்லை. இந்த ஒன்பதிலாவது அது ஓடாவிட்டால் கடையைக் கட்டிவிடுவதென்று முடிவு செய்திருந்தோம்.

தீர்மானிக்க வேண்டியவர் நூலகர் சாதத் அக்கா. ஒரு உறுப்பினர் அட்டையை அவராகவே அச்சடித்துவிட்டால் கணினிகள் பிழைக்கும். ஒரே விதி, மென்பொருளைச் செய்தவர்கள் உதவிக்கு வாயைத் திறக்கக் கூடாது. என் வாயைப் பற்றித்தான் ஊருக்கே தெரியுமே. தஸ்தான் பையிலிருந்து ஒரு குருத் உருண்டையை எடுத்தான். கல்லாகக் காய்ந்த உப்புத் தயிர்.

“இதைச் சப்பு. கரையற வரைக்கும் மூச்சு விடாத.”

அக்கா அட்டையை நிரப்பி, அச்சிடும் பொத்தானை அமுக்கினார். கறுப்புப் பெட்டி ஒன்று திரையில் திறந்து கடவுச்சொல் கேட்டது. அடித்தார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. எங்கள் உலகத்தில் அதற்குப் பெயர் பாதுகாப்பு. அக்காவுக்கு அது பழுது. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினார். ரொட்டித் துணுக்குகள் கொட்டின. நான் நாற்காலியைப் பிறாண்டினேன்.

மறுபடி நிதானமாக அடித்தார். இப்போது திரை பேசியது: ‘உங்களுக்கு அதிகாரம் இல்லை. இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்.’

அனுமதிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க மறந்திருந்தேன். அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்ததும் நானேதான், பெருமையோடு.

அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கைப்பையை எடுத்தார்.

“யாருக்குத் தெரிவிக்கும்?”

என் கன்னத்தில் குருத் அடைத்திருந்தது.

“சொல்லு தம்பி. இருபத்திமூணு வருஷ சர்வீஸ். ஒரு மெமோ வாங்கினதில்ல. மேயர் ஆபீஸுக்கா போகும்?”

உருண்டையைத் துப்பினேன். “யாருக்கும் போகாதுக்கா! உள்ளயே ஒரு மூலைல எழுதி வெச்சுக்கும். யாரும் படிக்கறதே இல்ல.”

“அப்ப எதுக்குடா என்னை மிரட்டுது?”

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

“தோத்துட்டோம்” என்றான் தஸ்தான்.

வாசல்வரை போன அக்கா திரும்பி வந்தார். “அதை அழி. நான் சொல்றதை எழுது.”

எழுதினேன்: ‘இதற்கு அனுமதி வாங்க வேண்டும். தப்பு உங்கள் மேல் இல்லை. சாதத் அக்காவைக் கூப்பிடுங்கள்.’ கீழே நூலகத் தொலைபேசி எண்.

“நம்பர் எதுக்குக்கா?”

“பயந்தவங்க யாரைக் கேப்பாங்க, உன்னையா? உனக்கு மனுஷ பாஷை வருமா?”

பட்டியலில் பெயர் ஏறியதும் அக்கா அட்டையை அவராகவே அச்சடித்தார்; கணினிகள் தப்பின. ஆனால் அவசரத்தில் அக்கா சொன்ன வாக்கியங்களை நூலகத்துக்கு மட்டும் வைக்காமல், எல்லோருக்குமான பதிப்பில் ஏற்றிவிட்டேன். மறுவாரமே நூலகத்தில் தொலைபேசி அலறத் தொடங்கியது. ஓஷ் நகரிலிருந்து ஒரு பல் மருத்துவர். பத்கெனிலிருந்து ஒரு தையற்காரர். நாரினிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் முழுக்க.

தஸ்தானும் நானும் நூலகத்துக்கு ஓடினோம். அக்கா தொலைபேசியின் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்து முறைத்தார்.

“யாருமே எடுக்கலன்னு அழுதீங்களே, இது நாப்பத்தோராவது ஆளு. போய் டீ போட்டுட்டு வாங்க.”