என்னைப் பார்க்க வந்த வல்லம்

எங்கள் ஊரில் படகு வாங்க நினைப்பவர்கள் படகைத் தேடிப் போவதில்லை. படகுதான் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்க்கும். அதற்குப் பிடித்திருந்தால் பிறகு விலை பேசுவார்கள்.

என் பழைய படகுக்கு மாசி மாதத்தில் இளைஞன் ஒருவனைப் பிடித்துப்போக, அது அவனோடு போய்விட்டது. எனக்கு ஐம்பத்தாறு வயது. படகைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறுவதற்குள் வேறு படகு அமையாவிட்டால் ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர வேண்டும். மைத்துனர் ரெமிஜியுஸ் எனக்கான காக்கிச் சட்டையைத் தைத்தே வைத்துவிட்டார். போட்டுப் பார்த்தேன். அளவு கச்சிதமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

முதலில் ஒரு ஃபைபர் படகு வந்தது. தரகர் காஸ்பர் அதை டிராக்டரில் கொண்டுவந்து, முன்கதவைக் கழற்றி, கூடத்தில் இறக்கினார். முறைப்படி ஒரு குடம் கடல்நீரை அதற்குள் ஊற்றினேன். ஆளைப் பிடிக்கவில்லை என்றால் படகு தண்ணீரைக் கசியவிடும். இது நான் ஊற்றி முடிப்பதற்குள்ளேயே கசிந்தது. எங்கள் ஊர்ப் படகுகளில் ஓட்டை கிடையாது. குறை ஆளிடம்தான்.

"என்ன வே, மூஞ்சிய இப்படி வச்சிருந்தா எந்தப் படகுக்குப் பிடிக்கும்?" என்றார் காஸ்பர்.

"கல்யாணத்தன்னிக்கும் இதே மூஞ்சிதான்," என்றாள் என் மனைவி பிலோமி, தரையைத் துடைத்தபடி. "நான் கசியலயே."

அடுத்து வந்தது மரத்தால் செய்த வல்லம். வயதானது, நிதானமானது. முன்பக்கம் அடுப்படியைப் பார்க்கும்படி அமர்ந்துகொண்டது. நீரை ஊற்றினேன். காத்திருந்தோம். பிலோமி டீ போட்டாள், குடித்து முடித்தோம். தரை காய்ந்தே இருந்தது.

"இனி தூக்கம் மட்டுந்தான் பாக்கி," என்றார் காஸ்பர்.

மரப் படகுகள் ஆளைத் தங்களுக்குள் படுக்கவைத்து அவன் கனவைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லும். கனவில் கடல் வர வேண்டும். எனக்கோ சில வருடங்களாகக் கனவில் பஸ் நிலையம் மட்டுமே வருகிறது. இத்தனை காலம் எனக்குக் கடல் பிடித்திருந்ததா, அல்லது வெறுமனே பழகிப்போயிருந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். காஸ்பரிடம் இதைச் சொல்லவில்லை.

"கடலை நெனச்சிக்கிட்டே கண்ண மூடும்," என்றார் அவர்.

வல்லத்திலிருந்த நீரில் முதுகு நனைய, கடலையே நினைத்துக்கொண்டு படுத்தேன். தூக்கம் வந்தது. பஸ் நிலையமும் வந்தது. நான் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வல்லம் உட்கார்ந்திருந்தது. அது என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் ஊர் ஊராக அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். எந்த ஊருக்கும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

விழித்தபோது காஸ்பர் குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு இல்ல. எழும்பும் வே, அமைஞ்சிட்டு."

பிலோமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வல்லத்தின் நெற்றியில் சிலுவை வரைந்தாள். "இவர எங்கயாவது விட்டுட்டு வந்துராத," என்று அதனிடம் சொன்னாள். அன்று மாலையே விலை பேசி முடித்தோம். காக்கிச் சட்டையை மைத்துனரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் விடியும்போது நானும் வல்லமும் கடலில் இறங்கினோம். கரை கண்ணிலிருந்து மறையும்வரை வல்லம் நான் திருப்பிய பக்கமெல்லாம் திரும்பியது. பிறகு மீன் கிடைக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கடந்துபோய், ஓரிடத்தில் வேகம் குறைந்து நின்றது. அங்கே தண்ணீரின்மேல் பெட்டிகளோடும் கூடைகளோடும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வெகுநேரமாக நிற்கிறார்கள் என்பது முகங்களில் தெரிந்தது. நான் வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

முதலில் ஏறிய பெண் செருப்பிலிருந்த தண்ணீரை உதறியபடி, "நாகர்கோவில் போவுமா?" என்று கேட்டாள்.

"போகும்," என்றேன். "உள்ள தள்ளி உக்காருங்க. பின்னால பிள்ளத்தாச்சி நிக்கிறாங்க."