கடை இல்லாத வீடு

அரியமங்கலத்தில் தச்சன்குளம் அரசுக் குடியிருப்பை இடிக்கப்போகிறார்கள் என்றதும் பாதிப் பேர் காலி செய்ய மறுத்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசி அவர்களைச் சம்மதிக்க வைத்தவள் பொன்னுத்தாய். குடியிருப்போர் சங்கத்தின் தலைவி அவள். மூன்றாம் மாடியில் சுபலட்சுமியின் மாமனார் மீது கூரைக் காரை பெயர்ந்து விழுந்து, அவர் தோள்பட்டை உடைந்த பிறகு அந்தக் கட்டடத்தில் ஒரு மழையைக்கூடத் தாண்ட முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"புதுசாக் கட்டித் தராங்க. கீழ்த்தளம் பூரா தொழில் பண்றவங்களுக்குக் கடை, மேல வீடு. படத்தையே காட்டினாங்க, நான் பார்த்தேன்" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அவளுக்கும் அது தேவையாக இருந்தது. பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவள் இட்லி மாவு அரைத்து விற்றாள். அடுத்த அறையில் பெனடிக்ட் ஜன்னல் கிரில்லும் இரும்புக் கேட்டும் வெல்டிங் செய்துகொண்டிருந்தான். அதற்கடுத்து சுராயாவின் தையல் மெஷின்கள். முதலில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் பொன்னுத்தாய்தான்.

கட்டடம் இடிந்தது. தகர வேலி வந்தது. பூமி பூஜை நடந்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு பெரிய மனிதர் வந்தார், அதே இடத்தில் இன்னொரு பூமி பூஜை நடந்தது. அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. வேலிக்குள் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது.

காட்டூரில் பொன்னுத்தாய் வாடகைக்குப் போன வீட்டில் கிரைண்டர் சத்தம் ஆகாது என்றார்கள். கையால் தூக்கக்கூடிய சின்ன கிரைண்டரில், வீட்டுக்காரர் வெளியே போன நேரம் பார்த்து அரைத்தாள். பெனடிக்டுக்கு அதுவும் இல்லை. வெல்டிங் பட்டறைக்கு எந்த வீட்டுக்காரன் இடம் கொடுப்பான்? சொந்தப் பட்டறை வைத்திருந்தவன் தொழிற்பேட்டையில் இன்னொருவரிடம் கூலிக்குப் போனான்.

ஏன் கட்டவில்லை என்று கேட்கப் போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான், திசை மட்டும் மாறியது. வீடுகளுக்கு நிதி தருவது ஒரு துறை, கடைகளுக்குத் தருவது இன்னொரு துறை. கடைக்கான நிதி உறுதியானால்தான் கீழ்த்தளம் கட்டலாம், கீழ்த்தளம் இல்லாமல் மேலே எப்படிக் கட்டுவது என்றது வீட்டுத் துறை. கட்டடமே இல்லாத இடத்தில் கடைக்கு எப்படி நிதி ஒதுக்குவது என்றது மற்றது.

"அங்க போனா இங்க கேளுங்கறாங்க, இங்க வந்தா அங்க கேளுங்கறீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவ போன்ல பேசினா என்னங்க?" என்று ஒருநாள் கவுண்டரில் கத்தியே விட்டாள். அங்கிருந்தவர், "சத்தம் போடாதீங்கம்மா, இது ஆபீஸ்" என்றார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெனடிக்டை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். வீட்டுத் துறையில் இந்த வேலையைக் கவனிக்கும் என்ஜினியர் மைத்ரேயிக்கு உத்தர வீதியில் வீடு. ஆபீசில் மரியாதையாகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவள்தான். கதவைத் திறந்த மாமியார், "மைத்ரேயி, ஒன்னப் பாக்க யாரோ வந்திருக்கா" என்று உள்ளே குரல் கொடுத்தார். மைத்ரேயி ஈரத்தலையில் துண்டோடு வந்தாள். அவர்களைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

"வீட்டுக்கே வந்துட்டோம், தப்பா நினைக்காதீங்க மேடம்."

"இல்லம்மா, உட்காருங்க. நானே உங்களக் கூப்பிடணும்னுதான் இருந்தேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "மார்ச்சுக்குள்ள வேலை ஆரம்பிக்கலேன்னா வீட்டு நிதி வேற ஊருக்குப் போயிடும். ஒரு வழிதான் இருக்கு. கடை வேண்டாம், வீடு மட்டும் போதும்னு சங்கத்துலேர்ந்து எழுதிக் கொடுத்தா, உடனே டெண்டர் விடலாம்."

"அப்போ கீழ்த்தளம்?" என்றான் பெனடிக்ட்.

"பார்க்கிங்னு போடுவோம். அதுக்குத் தனி நிதி வேண்டாம்."

"எங்ககிட்ட ஏதுங்க வண்டி?"

மைத்ரேயி தலைத் துண்டை அவிழ்த்து மடித்தாள். "கடைக்கும் சேர்த்து நிதி கேட்டு நான் மூணு தடவ எழுதிப் போட்டேன். மூணு தடவையும் திரும்பி வந்துடுத்து. எனக்கும் வெறுத்துப் போச்சு" என்றாள் பிறகு. பொன்னுத்தாய்க்கு அவள் மேல் கோபப்பட முடியவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் அவளைத் தின்றது.

அடுத்த வாரம் ரேஷன் கடைக்குப் பக்கத்து மைதானத்தில் சங்கம் கூடியது. பொன்னுத்தாய் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சுபலட்சுமி எழுந்தாள்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? எழுதிக் கொடுங்க. மாமாவ வச்சுக்கிட்டு ஒத்த ரூம்ல கிடக்கறோம். எங்களுக்குக் கடை எதுக்கு?"

"உனக்கு வேண்டாம். எனக்குச் சோறே அதுதான்" என்றான் பெனடிக்ட்.

"உங்க ஏழெட்டுப் பேருக்காக நாங்க எல்லாரும் தெருவுல நிக்கணுமா?"

"பட்டறைய விட்டுட்டு வாங்க, புதுசு வரும்னு சொன்னது யாரு? அவங்களையே கேளு."

எல்லோரும் பொன்னுத்தாயைப் பார்த்தார்கள். பழைய கட்டடத்தில் ஒருவர் வீட்டுக் குழந்தையை இன்னொருவர் தூக்கி வளர்த்தவர்கள், இப்போது இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஆபீஸ்கள் பேசிக்கொள்ளாததற்கு நாம் அடித்துக்கொள்கிறோமே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அதைச் சொல்லியும் பார்த்தாள். யாரும் கேட்கும் நிலையில் இல்லை.

கை தூக்கச் சொன்னார்கள். வீடு மட்டும் போதும் என்று பெரும்பாலான கைகள் உயர்ந்தன. சுராயா அழுதுகொண்டே தன் கையையும் உயர்த்தினாள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பொன்னுத்தாய் கடைசியாகத் தூக்கினாள். பெனடிக்ட் தூக்கவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு நடந்தான். கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டாள். அவள் போன் செய்தால் எடுப்பதில்லை.

டெண்டர் விட்டார்கள். இந்த முறை பூஜை இல்லாமலே வேலை தொடங்கியது. தூண்கள் எழும்பின. தூண்களுக்கு நடுவே சுவரில்லாத கீழ்த்தளம் வெறுமையாகக் கிடந்தது. சுபலட்சுமி தினமும் வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கட்டடத்துக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தது. அங்கே தனியாகத் தொழிற்கூடம் கட்டித் தரக் கேட்டு, பொன்னுத்தாயும் சுராயாவும் கடைகளுக்கு நிதி தரும் அந்த இன்னொரு துறையின் ஆபீசுக்குப் போனார்கள். அதிகாரி மனுவை மேலோட்டமாகப் பார்த்தார்.

"கடை வேண்டாம்னு நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

"வேண்டாம்னு நாங்களா சொன்னோம்? சொல்ல வச்சாங்க."

"முதல்ல கட்டடம் முடியட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"கட்டடம் இல்லேன்னு முன்னாடி சொன்னீங்க. இப்போ முடியலேங்கறீங்க" என்றாள் பொன்னுத்தாய். அவர் வேறு பக்கம் திரும்பி, சாப்பாட்டு நேரம், பிறகு வாருங்கள் என்றார்.

சுராயா எழப் போனாள். பொன்னுத்தாய் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்க சாப்பிட்டுட்டு வாங்க சார். நாங்க இங்கதான் இருக்கோம்."