வீட்டு ஆள் வழக்கு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களா. உட்கார இடமிருந்தும் உட்கார முடியாமல் அலைந்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

அவள் புருஷன் வெல்டர். கிடங்குக்குத் தீ வைத்தான் என்று ஏழு வருஷம் போட்டுவிட்டார்கள். பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஒருவர், அந்தக் கிடங்கின் காவலாளி. அவர் சாட்சி சொன்ன அன்று வெல்டரின் வக்கீல் கோர்ட்டிலேயே இல்லை. வெல்டரே எழுந்து, "நான் ஒண்ணு கேக்கலாமா ஐயா?" என்றான். உட்காரச் சொல்லிவிட்டார்கள். 'குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல் கேள்வி கேட்கவில்லை' என்று, ஏதோ ஆள் இருந்தும் வாய் திறக்காத மாதிரி பதிவாகிவிட்டது.

வராத அந்த வக்கீல் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அப்பீலுக்கு வந்த வக்கீலம்மா பட்டென்று சொல்லிவிட்டாள்: "அன்னிக்கு நான் அங்க இல்லன்னு உங்க அண்ணன் வாயால சொல்லணும். இல்லன்னா நாம சொல்றது வெறும் புலம்பல்தான்."

ஜெயில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று புருஷன், "மச்சானைச் சந்தி சிரிக்க வைக்காத. இருக்கறத இருந்துட்டு வர்றேன்" என்றான்.

"பெரிய தியாகி. அதுவரைக்கும் வீட்ல நான் யாரோட சண்டை போடுறது?"

பஸ் நிற்பதற்குள் இறங்கி அண்ணன் ஆபீசுக்கு ஓடினாள். அவன் நாற்காலியைக் காட்டினான். அவளோ அலமாரிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள்.

"நின்னு பேசும்மா. தலை சுத்துது."

"எனக்குத் தீர்ப்பு வந்த நாள்லேர்ந்து சுத்துது."

"நான் போய்ச் சொன்னா என் பொழப்பு முடிஞ்சுது. அப்புறம் எவன் எங்கிட்ட கேஸ் குடுப்பான்?"

"அவர் குடுத்தாரே அண்ணே. வேற யாரும் வேணாம், மச்சான் போதும்னு குடுத்தாரே."

அண்ணன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அப்பீல் விசாரணை அன்று, கோர்ட் கதவு அசையும்போதெல்லாம் அவள் எழுந்து எழுந்து பார்த்தாள். "காத்தாடியாம்மா நீ? உக்காரு" என்று சிப்பந்தி சலித்துக்கொண்டார். வழக்கைக் கூப்பிட்ட பிறகுதான் அண்ணன் வந்தான். கறுப்புக் கோட்டு இல்லை, வெறும் சட்டை.

"அன்னிக்கு எங்க இருந்தீங்க?" என்றார் நீதிபதி.

"பக்கத்து கோர்ட்ல, வேற ஒருத்தர் கேஸ்ல. போகலன்னா அவங்க கோவிச்சுக்குவாங்க. மாப்பிள்ளை நம்ம வீட்டு ஆள்தானே, பொறுத்துக்குவார்னு நெனச்சேன்."

தீர்ப்பு ரத்தாயிற்று. விடுதலை இல்லை, வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும், காவலாளி கூண்டேறிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

காவலர்கள் கூட்டிப்போகும்போது வெல்டர் திரும்பினான். "மச்சான், அடுத்த தடவை கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க."

"வந்து வேடிக்கை பாக்கட்டும். கேள்வி கேக்க வக்கீலம்மா இருக்காங்க" என்றாள் அவள். அண்ணன் தலையாட்டினான். அவள் அதற்குள் புருஷன் ஏறிய வண்டிக்குப் பின்னால் பாதி வழி போயிருந்தாள்.

உங்கள் வீட்டுப் படியைக் கெட்டது எதுவும் மிதிக்காமல், உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக, நல்லபடி இருங்கள், கண்ணுகளா.