இரண்டுக்கும் ஒரே கடிகாரம்

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. டெர்வ்லா பார்த்துக்கொண்டிருந்தது மழையை அல்ல, சோதனை மேசைமேல் கிடந்த ஒரு கறுப்புக் கேபிளை.

அவளும் ஃபின்டனும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே நிறுவனத்தில் வந்து சேர்ந்தவர்கள். பச்சிளங்குழந்தைகளின் இதயத்தில் ரத்தம் ஓடுவதை ஒலியால் பார்க்கும் கருவி ஒன்று. அதற்காக, அலையை எண்ணாக மாற்றும் மின்சுற்றுப் பலகையை அவன் இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துச் செய்திருந்தான். சோதித்துப் பார்த்தவள் அவள். அலையில் வேண்டாத இரைச்சலே இல்லை. மேலாளர் மேவ் பூரித்துப்போய், கருவி செய்கிறவர்களை கார்க் நகரிலிருந்து நாளைக்கு வரச் சொல்லியிருந்தாள்.

இந்த வேலையில் நேரம்தான் எல்லாம். எந்தக் கணத்தில் அளக்க வேண்டும் என்று சொல்கிற, பலகையில் இருக்கும் கடிகாரம் துளி நடுங்கினாலும் எண் தப்பாகும். மெல்ல ஓடும் ரத்தம் அந்த இரைச்சலில் காணாமல் போகும். டெர்வ்லாவோ, சோதனை அலையைத் தருகிற பெட்டியையும் பலகையின் கடிகாரத்தோடே கேபிள் போட்டு இணைத்திருந்தாள். படம் சுத்தமாக வரும் என்று எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரே பேருந்தில் குலுங்குகிற இருவருக்கு மற்றவர் அசையாமல்தான் தெரிவார். பெட்டியும் பலகையும் சேர்ந்தே நடுங்கியிருந்தால்? பாழாய்ப்போன புத்திக்கு அது இன்றைக்குத்தான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டால் ஏதோ ஒரு குழந்தைக்கு ஆபத்து. திறந்தால் ஃபின்டனின் இரண்டு வருடம் போச்சு.

அவன் தேநீர்க் கோப்பையோடு வந்தான்.

“என்னடி, யாரோ செத்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்க? நாளைக்கு நாமதான் ராஜா.”

“ஃபின்டன், அந்தக் கேபிள்...” அவள் அதை விரலால் காட்டினாள். “அத மாட்டியிருக்கக் கூடாதுடா. உன் கடிகாரம் நடுங்குறது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். தப்பு என்னோடது.”

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்; தேநீர் சிந்தியது.

“தெரியும்,” என்றான். “போன மாசமே தோணுச்சு. நீ கெளம்பினப்புறம் வந்து அதுமேல கை வச்சுப் பாப்பேன். பிடுங்க தைரியம் வரல.”

“அடப்பாவி! எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா?”

“சொன்னா நீ பிடுங்கிருவியே.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாள் தனியாகப் பயந்துகொண்டே சிரித்துப் பேசியிருக்கிறானே என்று மனசு கரைந்தது. கேபிளை அவள் தொடவில்லை. நாற்காலியைத் தள்ளி அவனுக்கு இடம் விட்டாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினான். பெட்டி தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடத் தொடங்கியது. திரையில் அலையின் இருபுறமும் இரைச்சல் புற்றுப்போல் எழும்பியது.

“எவ்ளோ?” கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

“இரைச்சல் ஏழு டெசிபல் ஏறியிருக்கு.”

“ஏழா? சரியாப் பாரு.”

“ஏழுதான்டா. நாளைக்குக் காட்ட முடியாது. ஆனா கடிகாரத்த மாத்திட்டா சரியாயிரும். ரெண்டு மாசம் ஆகும், அவ்ளோதான்.”

“நான் இருபது இருக்கும், பலகையே குப்பைன்னு நெனச்சுச் செத்துக்கிட்டிருந்தேன்டி,” என்றான். சிரித்தான், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான், பிறகு எழுந்து மேவின் அறைக்கு நடந்தான். டெர்வ்லாவும் கூடவே போனாள். கதவைத் தட்டியது அவன்தான்.