சத்தமே இல்லாத சுவிட்ச்

மனைவி நடத்தும் காது பரிசோதனை நிலையத்துக்கு அவர்தான் மேனேஜர். யாரும் நியமிக்கவில்லை. ரிட்டயரான மறுநாளே தானாக வந்து ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மனைவி காதைப் பார்ப்பார், மற்றதையெல்லாம் இவர் பார்ப்பார் என்பது ஏற்பாடு. மற்றது என்று இதுவரை பெரிதாக எதுவும் வந்ததில்லை.

அதனால் சுவிட்ச் வாங்கும் வேலை வந்ததும் மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. நான்கு கேமரா, மூன்று மேஜை போன், ஒரு வைஃபை பெட்டி. எட்டுக்கும் நெட் போகிற கேபிளிலேயே கரண்டையும் சேர்த்து அனுப்பும் சுவிட்ச் பெட்டி வேண்டும். பத்து நாள் இணையத்தைக் குடைந்து, வாட் கணக்கெல்லாம் போட்டு, எதிரில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தார்.

"சார், உங்களுக்கு ஃபேன் இல்லாத சின்ன சுவிட்ச், கேபிள் சொருக பத்து போர்ட் உள்ளது, தாராளமா போதும்," என்றார் கேபிள் இழுக்க வந்தவர். "பெருசுல ஃபேன் இருக்கும். கத்தும்."

"நாளைக்கே இன்னும் பத்து கேமரா மாட்டணும்னா என்ன பண்ணுவீங்க?"

இரண்டே அறை உள்ள இடத்தில் பத்து கேமரா எதற்கு என்று கேபிள்காரர் கேட்கவில்லை. நல்ல மனிதர். மேனேஜர் இருபத்துநாலு போர்ட் சுவிட்சையே தேர்ந்தெடுத்தார். கடையில் ஓடவிட்டுக் காதை வைத்தும் பார்த்தார். சத்தமே இல்லை. கத்துமாம், யாரிடம் கதை விடுகிறார்கள்!

பரிசோதனை அறையின் வெளிச்சுவரில் அதை மாட்டியாயிற்று. மறுநாள் காலை வந்த மூன்று பேருக்கும் போன தடவையைவிடக் காது மந்தம் என்று ரிசல்ட் வந்தது. நான்காமவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மனைவி வெளியே வந்தார்.

"இந்தப் பெட்டி கீச்சுன்னு கத்துதுங்க. உள்ள வரைக்கும் வருது. இப்படி ரிசல்ட் குடுத்தா என்னை யாரு நம்புவா? இன்னைக்கே மாத்துங்க."

"எங்க கத்துது? நான் பக்கத்துலதான உக்காந்திருக்கேன்!"

வரவேற்புப் பெண் சத்தம் இருக்கிறது என்றார். காத்திருந்தவரும் இருக்கிறது என்றார், அதுவும் காது சரியில்லை என்று வந்தவர். எல்லாரும் மனைவி கட்சி என்று மேனேஜர் முடிவு கட்டினார். சுவிட்ச் போனால் போகட்டும், கூடவே நாற்காலியும் போய்விட்டால்?

"என்னையே டெஸ்ட் பண்ணு. சுவிட்ச் ஓடட்டும். எல்லாத்தையும் கேட்டுக் காட்டறேன்," என்று உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினார். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவியின் விரல் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

மனைவி வரைபடத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கோடு பாதி வரை நேராகப் போய், அப்புறம் சரேலென்று கீழே இறங்கியிருந்தது.

"பாத்தியா, அந்த சுவிட்ச் சத்தத்துல..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் எடுத்தேன்," என்றார் மனைவி. "கீச்சுன்னு வர்ற சத்தம் எதுவும் உங்களுக்குக் கேக்கலைங்க. ரெண்டு காதுலயும்."

ஊர்க்காதையெல்லாம் சோதிப்பவரின் கணவர்! வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பயம். சத்தமே இல்லை என்று தான் சொன்னது பொய்யில்லை என்பதில் ஓர் அற்ப சந்தோஷமும் இருந்தது.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கூப்பிட்டா வேணும்னே திரும்ப மாட்டேங்கறீங்கன்னு ரெண்டு வருஷமா திட்டிட்டிருந்தேனே. காது கேக்கலையோன்னு எனக்குத் தோணவே இல்லையே."

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் திட்டு கிடையாது. எந்தக் கணவனுக்கு இப்படி வாய்க்கும்? ஆனால் மனைவி அழுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அழாதம்மா," என்றார். "அதுல பாதி நேரம் நல்லாவே கேட்டுச்சு."