யோகேந்திரன் சிங்கப்பூரில் இருக்கிறான்

1

ஒரு கேக் ஆறுவதற்காகக் காத்திருந்த நேரத்தில் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

மெர்கோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பின் பின்வரிசை வீட்டில் பிரேமாவதி என்பவர் கேக் செய்து கொடுக்கிறார். மகளின் பிறந்தநாளுக்கு மார்பிள் கேக் சொல்லி வைத்திருந்தேன். வாங்கப் போனபோது அது அப்போதுதான் வெந்து வெளியே வந்திருந்தது. சூட்டோடு பெட்டியில் வைத்தால் அடி வேர்த்துவிடும் என்று சொல்லி, நாற்காலி எடுத்துப் போட்டார். நான் வேலை முடிந்து நேராக வந்திருந்தேன். அவரும் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருப்பார் போல. பத்திரிகையில் கதை எழுதுகிற ஆள் நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படிச் சொன்னால் பலர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அவர் ஆரம்பித்தார்.

களைத்துப்போன இரண்டு பேர் பேசிக்கொண்டதில் வந்த கதை. பெரிய வேகம் எதிர்பார்க்காதீர்கள்.

(நேரில் நான் அவரை 'அவர்' என்றுதான் சொல்வேன். கதைக்குள் 'அவள்' ஆக்கிவிட்டேன். 'அவர்' என்று எழுதினால் வாசலிலேயே நின்றுவிடுகிறேன். அடுப்படி வரைக்கும் போக முடியவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மெர்கோங்கில் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாமான் லாரியிலிருந்து இறங்கிய பிரேமாவதி, புதிய வீட்டை நிமிர்ந்து பார்த்து

மழை பெய்யவில்லையாம். வெயில் மண்டையைப் பிளந்ததாம். வீட்டை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. மெத்தையை இறக்குகிறவர்கள் அதைத் தரையில் இழுத்துவிடக் கூடாதே என்று பின்னாலேயே ஓடினாளாம். இரண்டாவது தொடக்கத்தில், அவர்கள் முன்பு இருந்த குருண் ஊரின் மலையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதையும் அடித்துவிட்டேன். மலையைப் பார்க்கிற நிலையில் அந்த வீட்டில் யாரும் இருந்ததில்லை.

நடந்ததையே சொல்கிறேன். பிரேமாவதியும் அவள் கணவன் காளிதாசனும் குருணில் பல வருடம் இருந்தவர்கள். ஒரே மகன் யோகேந்திரன். அவனுடைய கூட்டாளிகள் ஒரு கைப்பேசிக் கடையின் பூட்டை உடைத்தபோது, அவன் வெளியே காரில் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். கடைக்குள் போகவில்லை, எதையும் தொடவில்லை. ஆனால் காரை ஓட்டியது அவன்தான். சிறைக்குப் போனான்.

குருண் சின்ன ஊர். யாரும் பிரேமாவதியிடம் கடுமையாக ஒரு சொல் பேசிவிடவில்லை. மளிகைக் கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு பாதியில் நிற்கும். அவள் வெங்காயம் பொறுக்கி முடிக்கும்வரை அப்படியே நிற்கும். கோயிலில் விபூதி வாங்கக் கை நீட்டும்போது பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் அதிகமாகவே இரக்கமாகப் பார்ப்பார்கள். இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். வீடு மாறிவிடலாம் என்று சொன்னவள் அவள். காளிதாசன் மறுத்துப் பேசவில்லை. அவனுக்கு வேலை குருண் தொழிற்சாலையிலேயே. இப்போது தினமும் மெர்கோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருகிறான்.

3

வாடகை வீட்டில் முன்பு இருந்தவர்கள் ஒரு பழைய ஓவனை விட்டுப் போயிருந்தார்கள். கதவு சரியாக மூடாது. காளிதாசன் அதைத் தூக்கிப்போட நினைத்திருந்தான். அதற்கு முன்னால் பிரேமாவதி அதைப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

அதுவரை அவள் கேக் செய்ததில்லை. யாருக்கும் செய்து கொடுக்க ஆசையும் இல்லை. கணவன் விடியும் முன்னே கிளம்பிவிடுவான், பொழுது சாய்ந்துதான் வருவான். நடுவில் இருக்கிற நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. கேக்கில் ஒரு நல்ல விஷயம் இருந்தது என்று என்னிடம் சொன்னாள்: மாவை உள்ளே வைத்துவிட்டால் அது வேகும்வரை வேறு எதையும் நினைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்காரலாம். கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து, இன்னொரு நாற்காலியில் அவள் உட்காருவாள்.

முதல் கேக் கருகியது. அடுத்தது மேலே வெந்து, உள்ளே கூழாக இருந்தது. அதற்கடுத்த முறை துணி துவைக்கும் மெஷினும் ஓடிக்கொண்டிருந்ததால் மொத்த வீட்டுக்கும் கரண்டு போய்விட்டது. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடி அலைந்தபோது, பின்பக்கச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல், முன்கதவுக்குப் பின்னால் மேலே பாருங்கள், இந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அங்கேதான் என்றது. அப்படித்தான் சுலைஹா அறிமுகமானாள்.*

* சுலைஹா வயதில் இளையவள். அவள் கணவர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். நாளெல்லாம் வீட்டில் தனியாக இருப்பவள், பேச்சுத்துணைக்கு ஏங்கியவள். இவளைப் பற்றி ஒரு தனிக் கதையே எழுதலாம். இப்போது வேண்டாம்.

நன்றாக வந்த முதல் பட்டர் கேக்கில் பாதியைச் சுலைஹாவுக்குக் கொடுத்தாள். சுலைஹா தட்டை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. என்ன பட்டர் போட்டீங்க?"

பிரேமாவதி உள்ளே போய் வெண்ணெய்க் காகிதம், மாவுப் பொட்டலம், எசென்ஸ் புட்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து சுவர்மேல் வைத்தாள். ஹலால் முத்திரை எல்லாவற்றிலும் இருந்தது. சுலைஹாவுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த முறையும் பிரேமாவதி காகிதங்களோடு வந்தபோது சுலைஹா அவள் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"அதெல்லாம் வேணாம் லா. நீங்க சொன்னா போதும்."

அந்தப் பேச்சோடு பேச்சாகத்தான், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள்.

4

பொய் எப்படி வந்தது என்று நான் கேட்டேன். முன்பே யோசித்து வைத்ததா?

இல்லையாம். ஒரே மகன் என்று சொன்னாளாம். எங்கே இருக்கிறான் என்று அடுத்த கேள்வி வந்தது. இந்த ஊரில் இன்னும் யாரும் இரக்கமாகப் பார்க்காத ஒரு முகம் எதிரே இருந்தது. சிங்கப்பூரில் வேலை என்று வாய் சொல்லிவிட்டது. என்ன வேலை? கிடங்கில். எப்போது வருவான்? லீவு கிடைப்பது கஷ்டம். கேள்விக்குக் கேள்வி பதில் வந்துகொண்டே இருந்ததாம், தையல் மெஷினில் நூல் வருகிற மாதிரி.

நீங்கள் சொன்னால் போதும் என்றவளிடம் சொன்ன பொய் அது. வீட்டுக்குள் வந்து கைகழுவிவிட்டு, மறுபடியும் கைகழுவினாள்.

(இந்த இடத்தில் என் தொழில் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பாத்திரம் படைக்கிறோம் என்று மேடையில் சொல்லிக்கொள்வோம். பிரேமாவதி ஒரு சுவரோரம் நின்று, கையில் தட்டோடு, இல்லாத ஒரு வேலையில் இருக்கிற இளைஞனைப் படைத்துவிட்டாள். அதற்காக அவள் சந்தோஷப்படவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.)

5

காளிதாசன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு அமைதியான ஆளை வாசகர்கள் நம்புவார்களா? ஒரு வரைவில் அவனைக் குடிக்க வைத்தேன். பொய்யைக் கேள்விப்பட்டு அவன் தட்டைத் தூக்கி எறிந்து, ஏண்டி என் மகன் செத்தா போயிட்டான், அவனை

வேண்டாம். நிஜக் காளிதாசன் குடிக்க மாட்டார். தட்டை எறிகிற தெம்பும் அவருக்கு இல்லை. நடந்தது இதுதான்: அன்று அவன் வேலை முடிந்து வந்து, காலைக் கழுவி, சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"சிங்கப்பூர்ல என்ன வேலைன்னு சொன்ன?"

"கெடங்குல."

"ம். யாராச்சும் கேட்டா நானும் அதையே சொல்லணுமில்ல."

அவ்வளவுதான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தவனிடம் சுலைஹாவின் தம்பி அன்சார் பேச்சுக் கொடுத்தான். உள்ளேயிருந்து பிரேமாவதிக்குக் காதில் விழுந்தது. மகனுக்குச் சாமான் தூக்குகிற ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்ட லைசென்ஸ் கிடைத்துவிட்டது, முதலாளிக்கு அவனை ரொம்பப் பிடிக்கும் என்று காளிதாசன் சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் மகன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று காளிதாசன் கெஞ்சிய வேலை அது. குரலில் பெருமை இருந்ததாம். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

6

அதற்கப்புறம் சிக்கல் வந்தது. அன்சாருக்கும் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. புது ஊர், யாரையும் தெரியாது. யோகேந்திரன் அண்ணனின் நம்பர் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று சுலைஹா கேட்டாள். நியாயமான கேள்வி. நம்பர் மாற்றிவிட்டான், கேட்டுச் சொல்கிறேன் என்றாள் பிரேமாவதி.

பின்கதவைப் பூட்டியே வைக்க ஆரம்பித்தாள். துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டாள். ஓவன் பக்கம் போகவில்லை, வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அன்சார் நம்பர் இல்லாமலேயே கிளம்பிப் போனான். குருணில் மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். இங்கே அவளே நிறுத்திக்கொண்டாள். இதற்கா லாரி பிடித்து வந்தோம் என்று இருந்ததாம்.

ஒரு நாள் சுலைஹா முன்வாசல் வழியாகவே வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனாக்கா? அன்னைக்கு பட்டர் கேட்டதுக்கா?"

எத்தனையோ பேர் தன்னிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, கேட்கவே வேண்டாத ஒருத்தி வந்து கேட்கிறாள். அந்த நிமிஷத்தில் உண்மை வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறொன்று. மகன் அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறான், இனிமேல் இங்கேயேதான் என்றாள். அது மட்டும் நிஜம். விடுதலைக்கு நாள் குறித்திருந்தார்கள். சுலைஹாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் வருகிற அன்று அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம், பிரியாணி தன் வீட்டிலிருந்து வரும் என்றாள்.

7

சிறைக்குக் கடைசியாகப் பார்க்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகனிடம், போன் வழியாக எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இளைத்திருந்தான். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்.

"சிங்கப்பூரா? எனக்கு பாஸ்போர்ட்டே இல்லையேம்மா."

சிரித்தானா என்று கேட்டேன். சிரிப்பு மாதிரித்தான் இருந்தது, கண்ணாடியில் வெளிச்சம் பட்டதால் சரியாகத் தெரியவில்லை என்றாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அப்படிச் சொல்லு, இப்படிச் சொல்லு என்று அவள் கேட்கவில்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று அவனும் சொல்லவில்லை.

8

அந்த நாள். காளிதாசன் லீவு போட்டு, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மகனை அழைத்துவரப் போனான். பிரேமாவதி பாண்டான் இலை போட்ட கேக் வைத்தாள். பாதியில் கரண்டு போய், கேக் நடுவில் குழிந்துவிட்டது. இன்னொன்று செய்ய நேரமில்லை. குழியை மறைக்கக் க்ரீம் பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

யோகேந்திரன் இறங்கினான். உயரமாகிவிட்ட மாதிரி இருந்தான், சட்டைதான் தொளதொளத்தது. கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை, அதற்குள் கொஞ்சம் துணி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு யோசித்தவள், அதை யோசிக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வருகிறவன் பிளாஸ்டிக் பையோடு வருவானா? ஒரு நல்ல பெட்டியைக் கணவனிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

கார்ச் சத்தம் கேட்டதும் சுலைஹா வந்துவிட்டாள். துணி சுற்றிய பிரியாணிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் பார்வை ஒரு கணம் அந்தப் பையில் போய் நின்றதைப் பிரேமாவதி பார்த்தாள். பிறகு சுலைஹா பையனின் முகத்தைப் பார்த்தாள்.

"சிங்கப்பூர்லேர்ந்து வர்ற வழி ரொம்ப அலுப்பா இருந்துச்சா, தம்பி?"

காளிதாசன் கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரேமாவதியின் கையில் க்ரீம் கத்தி. யோகேந்திரன் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் வாயைத் திறந்தான்.

9

ஒரு முடிவு எழுதினேன். ஆமாம் அக்கா, ரொம்ப அலுப்பு என்கிறான். எல்லாரும் உள்ளே போகிறார்கள், பிரியாணி சாப்பிடுகிறார்கள். படித்துப் பார்த்தபோது எனக்கே தொண்டையில் இறங்கவில்லை. அந்த வீட்டில் இனி அவன் தினமும் சிங்கப்பூரிலிருந்து எழுந்து வர வேண்டும்.

இன்னொன்று எழுதினேன்: "இல்லக்கா, நான் சிங்கப்பூர்ல இல்ல. நான் வந்து" என்று அவன் தொடங்கும்போதே, பிரேமாவதியின் முகத்தை நான் பார்த்துவிட்டேன். மேலே எழுத வரவில்லை.

சுலைஹாவுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டதா, தெரிந்துதான் அவனுக்கு அப்படி ஒரு சுலபமான கேள்வியைக் கொடுத்தாளா, அதுவும் எனக்கு உறுதியில்லை. அவளிடம் போய்க் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

உண்மையில் நான் தவிக்கத் தேவையே இல்லை. அவன் என்ன சொன்னான் என்று பிரேமாவதி என்னிடம் சொன்னார். ஒரே வாக்கியம்தான். கேக்கைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டே சொன்னார். நான் எழுந்து பணம் கொடுத்து, வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டார்.

"அண்ணே, கதையா எழுதுனா எழுதுங்க. நான் சொன்ன பொய் என்னோடது, போட்டுக்கிங்க. அவன் சொன்னத மட்டும் போடாதீங்க. அது அவனோடது."

சரி என்று சொல்லிவிட்டேன். அதனால் இந்தப் பக்கத்தில் அவன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான், வாயைத் திறந்தபடி. அம்மாவை உங்களுக்குத் தெரியும். அப்பாவைத் தெரியும். எதிரே நிற்கிற பெண்ணையும் தெரியும். அவனுக்குப் பதிலாக நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். சட்டி சூடாக இருக்கிறது. சுலைஹா அதை இன்னும் கீழே வைக்கவில்லை.